பதிலை வாங்கி வாருங்கள்: தமிழ்நாடு, புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மக்களவையில் தமிழ்நாட்டிலிருந்து 39 பேர், புதுச்சேரியிலிருந்து ஒருவர். மாநிலங்களவையில் தமிழ்நாட்டிலிருந்து 18 பேர், புதுச்சேரியிலிருந்து ஒருவர். கட்சி எதுவானாலும் இந்த மடல் ஐம்பத்தொன்பது பேருக்கும் பொது. இரு அவைகளின் நடவடிக்கைக் குறிப்புகளையும், அமைச்சகங்கள் தரும் எழுத்துப் பதில்களையும் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் நாங்கள்.

உங்களில் பலர் நன்றாகப் பேசுகிறீர்கள். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பேச்சுக்கு அரசு என்ன பதில் சொன்னது, அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்யப்பட்டது என்று குறிப்புகளில் தேடினால், பெரும்பாலும் அங்கேயே நூல் அறுந்துவிடுகிறது. காணொளியை லட்சம் பேர் பார்க்கிறார்கள். அமைச்சகத்தில் ஒரு கோப்பும் நகர்வதில்லை. ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான்: பேச்சுக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது, அரசு எழுத்தில் பதில் சொல்லியே தீர வேண்டிய வழிகளில் செலவிடுங்கள். பேச்சை அந்தப் பதிலின் மேல் கட்டுங்கள்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் 1957ஆம் ஆண்டு மக்களவையில் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளில் போடப்பட்டிருந்தது. செப்டம்பரில் இது குறித்துக் கேள்வி எழுந்தபோது அரசுத் தரப்பு மழுப்பலாகப் பதில் சொன்னது. ஆளுங்கட்சி வரிசையில் இருந்த ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி அதோடு விடவில்லை. சொன்ன பதில் ஒரு பக்கம், பங்குச் சந்தை விவரங்கள் மறுபக்கம் என்று அடுக்கி, டிசம்பர் 16 அன்று அவையில் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பிறகு நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை வைப்பதைத் தவிர அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முதலில் கேள்வி, பிறகு பதில், பதிலில் உள்ள ஓட்டை, அந்த ஓட்டையின் மேல் பேச்சு என்ற வரிசையைக் கவனியுங்கள். பேச்சில் தொடங்கியிருந்தால் அது அன்றே மறந்துபோயிருக்கும்.

இனி நடைமுறைக்கு வருகிறோம். கேள்வி நேரம் மக்களவையில் காலை 11 மணிக்கு, மாநிலங்களவையில் பகல் 12 மணிக்கு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் (அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவை) 230 நட்சத்திரமற்ற கேள்விகளும் (எழுத்தில் மட்டும் பதில் வருபவை) பட்டியலாகின்றன. மாநிலங்களவையில் அது 15, 160. அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. கேள்வியை 15 முழு நாட்கள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், எது முதலில் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கூட்டத்தொடர் அழைப்போடு வரும் அட்டவணையில் எந்த அமைச்சகத்துக்கு எந்தத் தேதிக்குள் கேள்வி கொடுக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த அட்டவணை கைக்கு வந்த அன்றே உட்கார்ந்து திட்டமிடாவிட்டால், முதல் இரண்டு வாரத்துக்கான வாய்ப்பு போய்விடும். கூட்டத்தொடரே சில வாரங்கள்தான் என்பதால் இந்த இழப்பு சிறியதல்ல.

கேள்வி எழுதப்படும் விதத்தில்தான் பெரிய சிக்கல். “தமிழ்நாட்டில் ரயில்வே திட்டங்களை விரைவுபடுத்த அரசு எடுத்துள்ள நடவடிக்கை என்ன?” என்பது போன்ற கேள்விகள் ஒவ்வொரு தொடரிலும் வருகின்றன. இதற்கு ரயில்வே அமைச்சகத்தில் ஆயத்தப் பதில் உண்டு. திட்டங்கள் மண்டலவாரியாக அனுமதிக்கப்படுகின்றன, மாநிலவாரியாக அல்ல என்று தொடங்கும். தமிழ்நாட்டில் முழுவதுமாகவோ பகுதியாகவோ அமையும் திட்டங்களின் மொத்த நீளமும் மொத்தத் தொகையும் வரும். பிறகு, திட்டம் முடிவது நிலம் கையகப்படுத்துதல், வன அனுமதி, குறுக்கிடும் கட்டமைப்புகளை மாற்றுதல், நிலவியல் அமைப்பு, சட்டம் ஒழுங்கு, ஓராண்டில் வேலை செய்யக்கூடிய மாதங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது என்று ஒரு பத்தி வரும். ஆண்டுக்கணக்காக வார்த்தை மாறாமல் அதே பத்திதான் வருகிறது. இந்தப் பதிலிலிருந்து உங்களுக்கோ தொகுதி மக்களுக்கோ கிடைப்பது ஒன்றுமில்லை. குற்றம் பதிலில் பாதி, கேள்வியில் பாதி.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். திண்டிவனம் - திருவண்ணாமலை புதிய பாதைக்கு அனுமதி கிடைத்த ஆண்டு எது, அப்போதைய மதிப்பீடு எவ்வளவு, இப்போதைய மதிப்பீடு எவ்வளவு? தேவையான நிலம் எத்தனை ஹெக்டேர், இதுவரை கையகப்படுத்தியது எத்தனை ஹெக்டேர், அதற்காக மாநில அரசிடம் ரயில்வே செலுத்திய தொகை எவ்வளவு, எந்தெந்தத் தேதியில்? கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? ஒதுக்கியதைவிடக் குறைவாகச் செலவான ஆண்டுகளில் அதற்குக் காரணம் என்ன? நான்கு உட்பிரிவு, கடைசியில் கேட்கும் காரணத்தைத் தவிர எல்லாவற்றுக்கும் விடை எண்ணாகவோ தேதியாகவோதான் இருக்க முடியும். கேள்வி 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும் என்ற விதிக்கும் இது தாராளமாகப் பொருந்துகிறது. மாநில அரசு நிலம் தரவில்லை என்று டெல்லியும், டெல்லி பணம் தரவில்லை என்று மாநிலமும் மாறி மாறிச் சொல்லும் விவகாரங்களில், தேதி கேட்பதைவிடக் கூர்மையான ஆயுதம் வேறில்லை.

கேள்வியை நிராகரிக்க மக்களவை விதி 41இல் நிறையக் காரணங்கள் இருக்கின்றன. வாதம், அனுமானம், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் கேள்விக்குள் இருக்கக் கூடாது. ‘அட்டூழியம்’, ‘வஞ்சனை’, ‘பாராமுகம்’ போன்ற சொற்களை விடுத்து எழுதுங்கள். அவற்றுக்கு விவாதத்தில் இடம் உண்டு, கேள்வித்தாளில் இல்லை. கருத்துக் கேட்கும் கேள்வியும், இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள் என்ற கற்பனைக் கேள்வியும் தள்ளப்படும். மத்திய அரசின் பொறுப்பில் முதன்மையாக இல்லாத விஷயம் என்ற காரணமும் அடிக்கடி வரும். இதைத் தாண்ட ஒரு வழி, மத்தியப் பணத்தைப் பின்தொடர்வது. 2024-25இல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா என்ற மத்தியத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. ஏன் ஓரவஞ்சனை என்று கேட்டால் ஒரு பொதுப் பதில் வரும். திட்ட ஒப்புதல் வாரியம் ஏற்ற தொகை எவ்வளவு, விடுவித்த தொகை எவ்வளவு, நிறுத்தி வைக்கும் முடிவை எடுத்த அதிகாரி எந்தப் பதவியில் இருப்பவர், அந்த எழுத்துபூர்வ உத்தரவின் எண்ணும் தேதியும் என்ன என்று கேட்டால், உத்தரவு ஒன்று இருக்கிறதா என்பதையாவது அரசு சொல்லியாக வேண்டும்.

எந்த அமைச்சகத்திடம் கேட்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். இலங்கையில் கைதான மீனவர்கள், பறிமுதலான படகுகள் பற்றிய கேள்வி வெளியுறவு அமைச்சகத்துக்குரியது. படகு மாற்றத்துக்கான மானியமும் ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டமும் மீன்வளத் துறைக்குரியவை. இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்தால் அது அமைச்சகம் மாற்றப்பட்டு, நாளும் மாறி, கடைசியில் பாதிக்கு மட்டும் பதில் வரும். இரண்டு கேள்விகளாகப் பிரித்து, உங்களில் இருவர் ஆளுக்கொன்றாகக் கொடுங்கள்.

பதில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, உட்பிரிவுகளுக்குத் தனித்தனியாகப் பதில் இருக்கிறதா என்பதை. “(அ) முதல் (ஈ) வரை” என்று சேர்த்து ஒரே பத்தியாக எழுதினால், சங்கடமான உட்பிரிவு அதற்குள் காணாமல் போயிருக்கும். ஏற்கெனவே பதிலளிக்கப்பட்ட கேள்வியை மறுபடி கேட்க முடியாது என்ற விதியைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பதில் இல்லாத உட்பிரிவுக்கு அந்த விதி தடையல்ல. முந்தைய கேள்வியின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, இந்த உட்பிரிவுக்குப் பதில் இல்லை என்று சொல்லி, அதை மட்டும் தனிக் கேள்வியாகக் கொடுங்கள்.

நட்சத்திரக் கேள்வியின் உயிர், பதிலைத் தொடர்ந்து உறுப்பினர் எழுந்து கேட்கும் துணைக் கேள்வியில் இருக்கிறது. இருபது கேள்விகள் பட்டியலில் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் வாய்மொழியாக எடுக்கப்படுபவை நாலைந்துதான். அந்த நாலைந்தில் உங்கள் கேள்வி வந்துவிட்டால் அது அபூர்வ வாய்ப்பு. அமைச்சரின் கையில் அதிகாரிகள் தயாரித்த குறிப்புக் கட்டு இருக்கும். நீங்கள் கேட்கக்கூடிய துணைக் கேள்விகளை முன்கூட்டியே ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் ஊகிக்காத இடம் எழுத்துப் பதிலிலேயே இருக்கும் முரண்பாடு. பதில் அன்று காலையில்தான் கைக்கு வரும். அதைக் கடைசி இணைப்பு அட்டவணை வரை படித்துவிட்டு அவைக்குள் போங்கள்.

குறிப்புகளில் நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் தவறு, துணைக் கேள்விக்கு முன் ஒரு முன்னுரை வைப்பது. வாய்ப்புக்கு நன்றி, தொகுதியின் வரலாறு, தலைவரின் பெயர் எல்லாம் முடிந்து கேள்விக்கு வரும்போது அவைத்தலைவர் நேரமாகிவிட்டது என்கிறார். அடுத்த தவறு, ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்பது. மூன்றில் எது எளிதோ அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமைச்சர் உட்கார்ந்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நிலத்துக்கான பணத்தை மாநில அரசிடம் செலுத்திவிட்டீர்களா, இல்லையா? இவ்வளவுதான் கேள்வி. ஆம், இல்லை, இன்ன தேதி என்ற மூன்றைத் தவிர வேறு எது சொன்னாலும் அது நழுவல் என்று கேட்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது துணைக் கேள்வியை முதல் பதிலைக் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள். எழுதி எடுத்துவந்ததையே வாசிக்க வேண்டாம். உங்கள் கேள்வி பட்டியலில் இருக்கும் நாளில் அவைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

இங்கே அமளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போராட்டம் நாடாளுமன்ற மரபுக்கு அந்நியமானதல்ல. விவாதமே மறுக்கப்படும்போது எழுந்து நிற்பது உறுப்பினரின் கடமைதான். ஆனால் கேள்வி நேரம் அமளியில் போனால் யாருக்கு லாபம் என்று கணக்குப் பாருங்கள். எடுக்கப்படாத நட்சத்திரக் கேள்விகளின் பதில்கள் எழுத்துப் பதில்களாக மேசையில் வைக்கப்படும், துணைக் கேள்வி கிடையாது. அமைச்சருக்கு அன்று ஓய்வு. 2020 செப்டம்பர் தொடரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே அரசு நீக்கியபோது எதிர்க்கட்சிகள் எவ்வளவு எதிர்த்தீர்கள்? அவ்வளவு மதிப்புள்ள நேரம் அது. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டபோது அவர்கள் பெயரில் இருந்த கேள்விகளும் பட்டியலிலிருந்து அகற்றப்பட்டன. மூன்று குற்றவியல் சட்ட மசோதாக்களும் அந்த நாட்களில்தான் நிறைவேறின. அந்த இடைநீக்கம் நியாயமற்றது என்பதே எங்கள் கருத்தும். ஆனாலும் அவசர விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்துக்கோ மதியத்துக்கோ போராட்டத்தைத் தள்ளிவைத்துக் கேள்வி நேரத்தைக் காப்பாற்றும் ஓர் உடன்பாட்டை உங்களுக்குள் செய்துகொள்ள முடியும் என்று நம்புகிறோம்.

அமைச்சர்கள் அவையில் தந்த வாக்கு நிறைவேறுகிறதா என்று பார்க்கும் உறுதிமொழிக் குழுவைப் பற்றி உங்களில் எத்தனை பேர் அக்கறை காட்டுகிறீர்கள் என்று தெரியவில்லை. மக்களவையில் 1953 முதலும், மாநிலங்களவையில் 1972 முதலும் இயங்கி வரும் குழு அது. அவையில் அமைச்சர் “தகவல் திரட்டப்படுகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்” என்றோ, “பரிசீலனையில் இருக்கிறது” என்றோ, “கவனிக்கிறேன்” என்றோ சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் வரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். நிறைவேற்ற முடியாது, கைவிட அனுமதியுங்கள் என்று அமைச்சகம் கேட்டாலும் முடிவெடுப்பது குழுதான். ஆக, துணைக் கேள்வியில் அமைச்சர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை வரவழைப்பது அரைமணி நேர உரையைவிடப் பெரிய வெற்றி. வந்த பிறகு அது உறுதிமொழிப் பட்டியலில் ஏறியதா என்று பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் குழுத் தலைவருக்கு எழுத வேண்டும். மூன்று மாதம் கழிந்ததும் மறுபடி எழுத வேண்டும். ஓர் உதவியாளர், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வரியிலும் கேள்வி எண், தேதி, அமைச்சர் சொன்ன வாக்கியம், கெடு முடியும் நாள்.

பதிலில் திருப்தி இல்லையென்றால் மக்களவையில் விதி 55இன் கீழ், மாநிலங்களவையில் விதி 60இன் கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். மூன்று நாள் முன்னறிவிப்பும், ஏன் இந்த விவாதம் என்று விளக்கும் சிறு குறிப்பும் வேண்டும். மக்களவையில் முன்கூட்டியே பெயர் கொடுத்த வேறு நான்கு உறுப்பினர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கலாம். ஒரே விஷயத்தில் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டிய அரைமணி நேரம் இது. இப்போது இதை அரிதாகவே யாரும் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் நாற்பது பேர் இருந்தும் இதைத் தொடாமல் விடுவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. அமைச்சர் சொன்னது தவறு என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால், சபாநாயகர் வழிகாட்டுதல் 115இன் கீழ் எழுதுங்கள். அது அமைச்சரின் விளக்கத்துக்கு அனுப்பப்படும், திருத்தமும் அவைக்குறிப்பில் ஏறும்.

பூஜ்ய நேரத்துக்குக் காலை 10 மணிக்குள் அறிவிப்பு கொடுத்து, குலுக்கலில் வந்தால் இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. உடனடியாகக் கவனம் பெற வேண்டிய புயல் சேதம், மீனவர் கைது போன்றவற்றுக்கு அது சரி. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மேம்பாலத்துக்கும் ரயில் நிறுத்தத்துக்கும் மக்களவையில் விதி 377 மேலானது. எழுத்தில் கொடுத்து, சபாநாயகர் ஏற்ற வாசகம் அப்படியே குறிப்பில் ஏறும். அமைச்சகம் ஒரு மாதத்துக்குள் உறுப்பினருக்குப் பதில் அனுப்ப வேண்டும் என்பது நடைமுறை. மாநிலங்களவையில் அதே வேலையைச் செய்வது சிறப்புக் குறிப்பு, 250 சொற்களுக்குள். வந்த பதில் கடிதங்களைத் தொகுதி மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். அவை உங்கள் மேசை இழுப்பறையில் இருப்பதால் யாருக்கும் பயனில்லை.

இனி விவாதம். கட்சிகளின் பலத்துக்கேற்ப நேரம் பிரிக்கப்படுகிறது. 543 பேர் கொண்ட அவையில் பத்து மணி நேர விவாதம் என்றால், 2024 தேர்தலில் 22 இடம் வென்ற திமுகவுக்குக் கணக்குப்படி சுமார் 24 நிமிடம், இரண்டு இடம் பெற்ற கட்சிக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். ஆகவே ஒரே கருத்தை ஐந்து பேர் சொல்வது வீண். மசோதா வந்தவுடன் பிரிவுகளை உங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் மாநில உரிமை, ஒருவர் நிதிச் சுமை, ஒருவர் விதிகள் இயற்றும் அதிகாரம் யாருக்கு விடப்பட்டிருக்கிறது என்பது, ஒருவர் நிலைக்குழு அறிக்கை என்று பிரித்தால் இரண்டு நிமிடத்திலும் கனமாகப் பேசலாம். மசோதாக்களையும் அமைச்சகங்களின் செலவையும் ஆராயும் துறைவாரி நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அங்கே கேமரா இல்லை, கட்சிக் கொறடாவின் பிடியும் தளர்ந்திருக்கும், செயலாளர்கள் நேரில் வந்து உட்கார்ந்து பதில் சொல்வார்கள். அறிக்கையின் எண்ணையும் பத்தி எண்ணையும் சொல்லி அவையில் பேசினால், அது ஒரு கட்சியின் கருத்து என்று ஒதுக்க முடியாது. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் இருக்கும் குழுவின் அறிக்கை அல்லவா அது?

மசோதாவை எதிர்த்துப் பேசுகிறவர்கள் திருத்தமும் கொடுங்கள். ஒரு நாள் முன்னதாக அறிவிப்பு வேண்டும். இன்ன பக்கம், இன்ன வரி, இந்தச் சொல்லுக்குப் பதிலாக இந்தச் சொல் என்று துல்லியமாக எழுத வேண்டும். அந்தப் பிரிவு எடுக்கப்படும் நேரத்தில் நீங்கள் அவையில் இல்லையென்றால் திருத்தம் முன்மொழியப்படாமலே போய்விடும். தோற்கத்தானே போகிறது என்று நினைக்க வேண்டாம். திருத்தத்தின் மேல் பிரிவு வாக்கெடுப்பு கேட்டால் யார் எப்படி வாக்களித்தார்கள் என்று பெயரோடு பதிவாகும். குரல் வாக்கெடுப்பில் அது பதிவாவதில்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்களின்போது திருச்சி சிவா உள்ளிட்டோர் பிரிவு வாக்கெடுப்பு கேட்டும் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் தத்தம் இருக்கையில் இருந்தார்களா என்பதே பிறகு பெரும் சர்ச்சையானது. அதனால் சொல்கிறோம்: எவ்வளவு கூச்சல் இருந்தாலும், இருக்கையை விட்டு நகராமல், தெளிவாகக் கேளுங்கள். இருவர் மூவர் வெவ்வேறு இருக்கைகளிலிருந்து கேளுங்கள்.

நிதிநிலை அறிக்கைக் காலத்தில், அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்கள் இருக்கின்றன. கொள்கையையே ஏற்கவில்லை என்றால் கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். குறிப்பிட்ட ஒரு குறையைச் சுட்ட 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். ரயில்வேக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை 2017 முதல் இல்லை என்பதால், தொகுதியின் ரயில் குறைகளைப் பெயர் சொல்லிப் பதிவு செய்ய இந்த 100 ரூபாய் வெட்டு நல்ல வழி. விவாதத்துக்கு எடுக்கப்படும் அமைச்சகங்கள் சில மட்டுமே. மற்றவை கடைசி நாளில் விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றப்படும், அவற்றின் மேல் கொடுத்த வெட்டுத் தீர்மானங்கள் முன்மொழியப்படாமலே போகும். எந்த அமைச்சகங்கள் எடுக்கப்படுகின்றன என்று தெரிந்தவுடன் உங்கள் உழைப்பை அவற்றின் மேல் குவியுங்கள்.

இன்னொரு கதவு கிட்டத்தட்டத் திறக்கப்படாமலே இருக்கிறது. சட்டங்களின் கீழ் இயற்றப்படும் விதிகளும் ஒழுங்குமுறைகளும் பொதுவாக முப்பது நாட்கள் இரு அவைகளின் மேசையிலும் வைக்கப்பட வேண்டும். அந்தக் காலத்தில் அவற்றை மாற்றவோ நீக்கவோ உறுப்பினர் தீர்மானம் கொடுக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இப்படித்தான் சொல்கிறது. துணைவேந்தர் நியமனம் குறித்த 2025 ஜனவரி வரைவு ஒழுங்குமுறைகளைத் தமிழ்நாடு கடுமையாக எதிர்த்தது. அது போன்றவை இறுதி வடிவில் மேசைக்கு வரும் நாளில் தீர்மானத்தோடு தயாராக இருப்பது, வாசலில் பதாகை ஏந்துவதோடு கூடவே செய்ய வேண்டிய வேலை. மேசையில் வைக்கப்படும் ஆவணங்களின் பட்டியல் தினமும் வெளியாகிறது. அதைப் படிக்க ஒருவரை நியமியுங்கள்.

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். சட்டமானவை மொத்தம் 14, கடைசியாக 1970இல். ஆனாலும் திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறிய பிறகுதான் அரசு தன் சொந்த மசோதாவோடு வர நேர்ந்தது. 2019இல் சட்டம் வந்தது. 2019 சட்டத்தில் குறைகள் பல உண்டு என்றாலும், பொருளை அவைக்குள் கொண்டுவந்தது அந்த மசோதா. வெள்ளிக்கிழமை மதிய விமானத்துக்குக் கிளம்பிவிடுவதால்தான் தனிநபர் அலுவலுக்கு ஆள் சேருவதில்லை. மக்களவையில் 55 பேர், மாநிலங்களவையில் 25 பேர் இல்லையென்றால் அவையே நடக்காது. வெள்ளி மாலை வரை இருங்கள்.

தமிழில் பேசுவது உங்கள் உரிமை, எங்கள் மகிழ்ச்சியும்கூட. மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது; முன்கூட்டிச் சொல்லிவிட்டு, புள்ளிவிவரங்களும் ஊர்ப் பெயர்களும் உள்ள குறிப்பை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். எண்களைச் சொல்லும்போது நிதானியுங்கள். வேகமாகப் போகும் அடுக்குமொழியில் முதலில் உதிர்வது எண்களும் பெயர்களும்தான். மக்களவைக் குறிப்பில் தமிழ் உரையின் மொழிபெயர்ப்பே நிலைக்கிறது என்பதால், வெளியானவுடன் அதைச் சரிபாருங்கள். திருத்தத்துக்கு அவகாசம் மிகக் குறைவு, பொருளை மாற்றவும் முடியாது. எண் பிழை, பெயர்ப் பிழையைத் திருத்தலாம். ஒருவர் மேல் குற்றச்சாட்டு வைப்பதானால் விதி 353இன்படி சபாநாயகருக்கும் அமைச்சருக்கும் முன்னறிவிப்பு கொடுங்கள். கொடுக்காமல் பேசினால் அந்தப் பேச்சு விதி 380இன் கீழ் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டு, நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த ஆதாரமும் சேர்ந்தே மறைந்துவிடும். மேற்கோள் காட்டும் ஆவணத்தைச் சான்றளித்து மேசையில் வைக்கவும் தயாராக இருங்கள்.

கேள்வி கொடுக்கும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை யாரிடமும் தராதீர்கள். 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 11 உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2023 டிசம்பர் 8 அன்று மஹுவா மொய்த்ரா வெளியேற்றப்பட்டதில் கணக்கு விவரத்தைப் பகிர்ந்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. அவையில் பேசவோ வாக்களிக்கவோ லஞ்சம் வாங்கினால் அரசியலமைப்பின் 105ஆம் பிரிவு காப்பாற்றாது என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்துவிட்டது. வெளியாரிடமிருந்து விவரம் பெறலாம், ஆலோசனை கேட்கலாம். கேள்வியை நீங்கள் படித்து, நீங்களே அனுப்புங்கள்.

அடுத்த கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டதும் கட்சி பார்க்காமல் ஒரு மாலை ஒன்றாக உட்காருங்கள். எந்த அமைச்சகத்துக்கு யார், எந்த மசோதாவில் எந்தப் பிரிவு யாருக்கு, நிலுவையில் உள்ள உறுதிமொழிகள் எவை என்று முடிவு செய்யுங்கள். தொடர் முடிந்த ஒரு மாதத்துக்குள் நீங்கள் கேட்ட கேள்விகள், வந்த பதில்கள், வராத உட்பிரிவுகள், கெடு தாண்டிய உறுதிமொழிகள் ஆகிய நான்கையும் தமிழில் வெளியிடுங்கள். பதில்களில் உள்ள அட்டவணைகளைப் படித்து முரண்பாடுகளைக் குறித்துத் தர எங்களைப் போன்ற பலர் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் ஊதியமின்றிச் செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
அவைக்குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கும் வாக்காளர்கள் சிலர்